நெடுந்தீவில் நான் இறைத்த கிணறு

துளசி, ஆதவன், நீங்கள் இரண்டு பேரும் நித்திரையால் எழும்ப முன்பே அன்று நான் புறப்பட்டுவிட்டேன். புதன்கிழமை. அம்மா வாசல் படலைவரை வந்து, பின்னேரம் திரும்பும்போது மருதனார்மடம் சந்தையில் கத்தரிக்காய் வாங்கிவரச் சொன்னார். தலையாட்டிவிட்டுப் போனேன். அந்தக் கத்தரிக்காய் ஞாயிற்றுக்கிழமைதான் வீடு வந்து சேர்ந்தது. இடையில் எங்கே நின்றாய் என்று நீங்கள் கேட்டபோதெல்லாம் 'வேலை' என்று சொல்லிச் சமாளித்தேன். அது பாதி உண்மை. மீதியை இப்போது எழுதுகிறேன்.

வேலை சின்னது. நெடுந்தீவிலிருந்து ஜெனி என்றொரு பிள்ளை எங்கள் கடைக்கு வந்து ஒரு தண்ணீர் மோட்டர் எடுத்திருந்தாள். அங்கே சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறாள். அவளுக்குச் சனிக்கிழமை கலியாணம். மாப்பிள்ளை பருத்தித்துறை. அவள் போய்விட்டால் வீட்டில் தாய் தனி. தாய்க்கு வலது தோள் சரியில்லை, வாளியால் தண்ணீர் அள்ள முடியாது. இத்தனை வருடமும் அள்ளியது ஜெனிதான். "நான் போக முன்னம் மோட்டரைக் கிணத்திலை பூட்டித் தரவேணும் அண்ணை, இல்லையெண்டால் எனக்குப் போக மனம் வராது" என்று அவள் கடையில் நின்று சொன்னதைக் கேட்டுத்தான் நானே வருகிறேன் என்றேன்.

மோட்டரை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் இருந்தேன். கொண்டக்டர் பார்த்துவிட்டு, "அண்ணை, மடியிலை இருக்கிற பிள்ளைக்கும் அரை ரிக்கற் எடுக்கோணும்" என்றான். பஸ் முழுக்கச் சிரித்தது. யாழ்ப்பாண நகரம் முடிந்து தீவுகளுக்குப் போகும் பாதை ஏறியதும் எல்லோரும் யன்னல் பக்கம் திரும்பினார்கள். இரண்டு பக்கமும் கடல், நடுவில் ஒரு ஒற்றைப் பாதை. தண்ணீர் அசையவே இல்லை. தூரத்தில் ஒருவர் இடுப்பளவு கடலில் நடந்து போனார். வலையைத் தோளில் போட்டுக்கொண்டு, வயலுக்குப் போகிறவர் போல. நம் ஊரில் வரப்பில் நடக்கிற நடை அது.

குறிகட்டுவானில் வள்ளம் ஏறினோம். ஒரு குளிர்சாதனப் பெட்டி, காஸ் சிலிண்டர்கள், வெங்காய மூட்டைகள், கூடையில் கோழி, ஒரு புதுக் கதவு, இவற்றுக்கு நடுவில் நாங்கள். அந்த வெங்காயம் நம் கோப்பாய் வெங்காயமாக இருக்குமோ என்று ஒரு நினைப்பு வந்தது. அது சோழகக் காற்று வீசுகிற ஆவணி மாதம். வள்ளம் ஏறி ஏறி இறங்கியது. ஒரு மணித்தியாலம் வரையில் தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லை. பிறகு கடலின் மேல் பனைமரங்கள் மட்டும் தெரிந்தன. அடியில் நிலம் இல்லை, வெறும் மரங்கள் தண்ணீரில் நின்றன. நெடுந்தீவு அவ்வளவு தட்டை. ஒரு குன்று இல்லை, ஒரு ஆறு இல்லை. கிட்டப் போகப் போகத்தான் மரங்களுக்குக் கீழே வெள்ளையாக ஒரு கோடு விழுந்தது.

இறங்குதுறையில் செபமாலை காத்திருந்தார். என் வயதுதான் இருக்கும். ஜெனி வீட்டுக்குப் பக்கத்து வீடு. லாண்ட்மாஸ்டர் என்கிற இரண்டு சில்லு உழவு மெசினில் பெட்டி பூட்டி வைத்திருந்தார். தீவின் பாதிப் பயணம் அதில்தான் நடக்கிறது. ஏறுங்கோ மோட்டர்க்காரர் என்றார். கடைசிவரை அவர் என் பெயரைக் கேட்கவில்லை, அந்தப் பட்டத்தையே வைத்துக்கொண்டார்.

பிள்ளைகள், நம் கோப்பாயில் மண்ணைத் தோண்டினால் சிவப்பாக வரும், கையில் ஒட்டும். நெடுந்தீவில் மண் ஒரு போர்வை மாதிரி, அதற்குக் கீழே எல்லாம் கல். கடலுக்குள் வளர்ந்த முருகைக்கல். அந்தக் கல்லைப் பொறுக்கி ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வேலி கட்டியிருக்கிறார்கள். சீமெந்து இல்லை, சேறு இல்லை. தீவு முழுக்கக் கல்வேலி. அதன் ஓட்டைகளுக்குள்ளால் காற்று வந்து மெல்லச் சீட்டி அடிக்கும். தீவு முழுவதற்கும் ஒரு பிரதேச சபை, ஒரு ஆஸ்பத்திரி. வழியில் போகிற எல்லோரும் செபமாலைக்குக் கை காட்டினார்கள். எனக்கும் காட்டினார்கள்.

ஜெனியின் தாய் பெயர் றோசலின். வாசலிலேயே நின்றார். "வாங்கோ தம்பி, கடல் ஆட்டினதோ? முதல்லை சாப்பிடுங்கோ, பேந்து வேலை" என்றார். குத்தரிசிச் சோறு, நண்டுக்கறி, முருங்கையிலை வறை, கடைசியில் மண்சட்டியில் தயிர். கத்தியால் வெட்டலாம் போல இருந்தது அந்தத் தயிர். அங்கே மாடுகள் நாள் முழுக்கத் தங்கள் பாட்டில் மேய்ந்துவிட்டுப் பின்னேரம் தாங்களே வீடு வரும். சாப்பிட்ட பிறகு ஒரு தேத்தண்ணீர். இப்போதும் நாக்கில் நிற்கிறது.

கிணறு வீட்டுக்குப் பின்னால் இருந்தது. அகலம் குறைவு, ஆழமும் இல்லை. பக்கத்தில் நீளமாக ஒரு கல்தொட்டி. அந்தச் சுற்றுவட்டாரத்தில் குடிக்கத்தக்க தண்ணீர் அந்தக் கிணற்றில்தான். ஏழு வீட்டார் விடிய வந்து ஆளுக்கு இரண்டு குடம் எடுப்பார்கள். முதல் வாளி மட்டும் தொட்டிக்குள் ஊற்ற வேண்டும், மாடுகளுக்கும் வழிதவறி வருகிற குதிரைகளுக்கும். இதையெல்லாம் ஜெனி சொல்லச் சொல்ல நான் குழாய்க்கு அளவு எடுத்துக்கொண்டிருந்தேன். வாளிக் கயிற்றில் ஒன்பது முழத்தில் ஒரு பெரிய முடிச்சு இருந்தது. கை வழுக்காமல் இருக்கப் போட்டது என்று நினைத்தேன். கேட்கவில்லை.

பின்னேரம் மூன்று மணிக்குத் தாயும் மகளும் பங்குச் சுவாமியைப் பார்க்கக் கத்தோலிக்கக் கோயிலுக்குப் போனார்கள். செபமாலை அவர்களை ஏற்றிக்கொண்டு போனார். மோட்டர் பூட்டி முடிந்துவிட்டது. வள்ளத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. அப்போதுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது.

நம் ஊரில் கலியாண வீடென்றால் என்ன செய்வோம்? கிணறு இறைப்போம். அடிவரை இறைத்து, சேற்றை வழித்து, புது ஊற்றுத் தண்ணீர் வரவிடுவோம். பெரியம்மாவின் மகளின் கலியாணத்துக்கு நீங்கள் இரண்டு பேரும் சேற்றில் நின்று விளையாடினீர்களே, அதுபோல. பாவம், இந்த வீட்டில் ஆம்பிளை இல்லை, யார் இறைத்துக் கொடுப்பது என்று நினைத்தேன். கயிற்று முடிச்சை அவிழ்த்து, அதே கயிற்றில் குழாயைக் கட்டி அடியில் தட்டும்வரை இறக்கினேன். மோட்டரைப் போட்டேன்.

தண்ணீர் மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் வெள்ளையாகக் கொட்டியது. நான் பூவரச நிழலில் சரிந்தேன். மோட்டர் ஒரே குரலில் பாடிக்கொண்டிருந்தது. காற்று கல்வேலிக்குள்ளால் பாடியது. வேலிக்கு அப்பால் வெளியில் ஏழெட்டுக் குதிரைகள் தலையைக் குனிந்து நின்றன. போர்த்துக்கேயர் காலத்தில் வந்தவற்றின் வழி என்று சொல்கிறார்கள். வெயிலின் ஆவியில் அவற்றின் கால்கள் தெரியவில்லை, உடம்பு மட்டும் மிதந்தது. வள்ளத்தில் இருக்கிறேனா நிலத்தில் இருக்கிறேனா என்று தெரியாமல் கண் அயர்ந்துபோனேன். அவ்வளவு நிம்மதியான நித்திரை எனக்கு அண்மையில் வந்ததில்லை. அதை நினைக்கத்தான் இன்னும் வெட்கமாக இருக்கிறது.

எழும்பியபோது கிணற்றின் அடி தெரிந்தது. இறங்கிக் கல்லையெல்லாம் தேய்த்துக் கழுவினேன். புதுத் தண்ணீர் கண்ணாடி மாதிரி ஊறி வந்தது. அவர்கள் திரும்பி வந்தபோது நான் ஒன்றும் சொல்லவில்லை, தாங்களே பார்த்துச் சந்தோஷப்படட்டும் என்று. றோசலின் அக்கா கிணற்றடியில் குழாயைத் திறந்து கேத்தலை நிரப்பினார். கை தூக்காமல் தண்ணீர் வருகிறது என்று மகளைப் பார்த்துச் சிரித்தார். உள்ளே தேத்தண்ணீர் போடுகிற சத்தம் கேட்டது. பிறகு சத்தம் நின்றது.

கோப்பையுடன் வெளியே வந்தார். பால் திரைந்து கட்டி கட்டியாக மேலே மிதந்தது.

"கிணத்துக்கு என்ன செய்தனீங்கள் தம்பி?"

"இறைச்சனான் அக்கா. கலியாண வீடுதானே. அடிமட்டும் இறைச்சுத் துப்புரவாக்கினனான்."

அவர் கத்தவில்லை. கோப்பையை மர வாங்கில் வைத்துவிட்டு அதன் பக்கத்தில் இருந்தார். ஜெனி கிணற்றடிக்கு ஓடிப்போய்க் கையில் ஏந்திக் குடித்துப் பார்த்துத் துப்பினாள். பிறகு அவிழ்ந்து கிடந்த கயிற்றை எடுத்து முடிச்சு இருந்த இடத்தைத் தேடினாள்.

"உங்கடை கோப்பாய்க் கிணறு மாதிரி இல்லை இது" என்றார் றோசலின் அக்கா. "இங்கை கீழை முழுக்கக் கடல், உப்புத் தண்ணி. மழைத் தண்ணி அதுக்கு மேலை பாலாடை மாதிரி மிதந்துகொண்டு கிடக்குது. நாங்கள் ஆடையை மட்டும் அள்ளுறனாங்கள். முடிச்சுக்குக் கீழை வாளி போகக்கூடாது. நீங்கள் ஆடை முழுக்க வழிச்சுக் கொட்டிலுக்குப் பின்னாலை ஊத்திப்போட்டியள்."

எத்தனை நாளில் நல்ல தண்ணீர் திரும்பும் என்று கேட்டேன். மாரி என்றால் ஒரு கிழமை, இந்தக் கோடையில் தெரியாது என்றார். ஒருவரும் கை வைக்காமல் கிணற்றை உறங்கவிட வேண்டும், அவ்வளவுதான் செய்யலாம். சனிக்கிழமை நூற்றைம்பது பேருக்குச் சமையல்.

வள்ளம் போய்விட்டது. போகாமல் நின்றிருந்தாலும் நான் ஏறியிருக்க மாட்டேன். அம்மாவுக்குத் தொலைபேசியில் வேலை முடியவில்லை என்று சொன்னேன்.

வியாழக்கிழமை விடிய ஏழு வீட்டாரும் குடங்களுடன் வந்தார்கள். நான் கிணற்றடியில் நின்று ஒவ்வொருவரிடமும் என் வாயாலேயே சொன்னேன். அக்கா சொல்லட்டும் என்று உள்ளே இருக்க எனக்கு மனம் வரவில்லை. ஒரு பெண் குடத்தை இடுப்பிலிருந்து இறக்காமலே கேட்டுவிட்டுப் போனார். ஒருவர் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து, அடியாவது துப்புரவாய்க் கிடக்கு என்றார். செபமாலை எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "மோட்டர்க்காரர், கடலை இறைக்க வந்தனீங்களோ? உந்த ஒரு மோட்டர் காணாது." ஆட்கள் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு கொஞ்சம் உதவியாக இருந்தது. சிரித்தபடியே அவர், தீவின் மற்றப் பக்கத்தில் நல்ல கிணறுகள் இருக்கின்றன, தண்ணீர்ப் பீப்பாய், அதுதான் பரல், இருந்தால் கொண்டு வரலாம் என்றார். பரலைத் தேடுவது, கழுவுவது, ஏற்றுவது, இறக்குவது என் வேலை என்றேன். அன்று முழுக்க வீடு வீடாகப் போய்ப் பரல் கேட்டேன். 'கிணத்தை இறைச்ச ஆள்' என்று சொன்னால் போதும், அடையாளம் தெரிந்தது. ஆனால் ஒருவரும் இல்லையென்று சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை மூன்று தரம் தீவின் குறுக்கே போய் வந்தோம். ஊர் முடிந்ததும் பெரிய வெளி. மரம் இல்லை. வானம் நிலத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கும். அந்த வெளிக்கு அப்பால் பெருக்கமரம் ஒன்று இருக்கிறது. நீங்கள் இரண்டு பேரும், அம்மாவும் நானும் கைகோத்தாலும் அதைக் கட்டிப்பிடிக்க முடியாது. அடியில் ஒரு பொந்து, ஒரு ஆள் உள்ளே நிற்கலாம். வெயிலுக்கு நான் நின்றேன். உள்ளே குளிர்ந்தது. வெளியில் அடிக்கிற காற்று எங்கோ வேறு ஊரில் அடிப்பது போலக் கேட்டது. ஒரு நிமிடம் கிணறு, கலியாணம் எல்லாவற்றையும் மறந்துபோனேன். செபமாலை ஹோர்ன் அடித்தார்.

கடைசித் தரம் நிறைந்த பரல்களோடு திரும்பும்போது குதிரைகள் வழியை மறித்தன. கோடையில் அவற்றின் குட்டைகள் வற்றிவிடும். தண்ணீரின் மணம் அவற்றுக்குத் தெரிந்துவிட்டது. ஓடவில்லை, கனைக்கவில்லை. வந்து பெட்டியைச் சுற்றி நின்று ஈரமான பரலில் மூக்கை வைத்தன. ஒரு குட்டி என் கையை நக்கியது. நாளைக்குச் சமைக்கிற தண்ணீர், போவோம் என்றேன். செபமாலை இறங்கி, பாறையில் இருந்த ஒரு குழியைக் காட்டினார். "முதல் வாளி அவைக்குத்தான்" என்றார். இரண்டு வாளி ஊற்றினோம். அவை குடித்து முடியும்வரை லாண்ட்மாஸ்டரை நிறுத்தி வைத்ததில் அது திரும்ப இயங்கவில்லை. நான் டீசல் குழாயைக் கழற்றி ஊதி, கம்பியால் இறுக்கிப் பூட்டினேன். தீவுக்கு வந்து உருப்படியாகச் செய்த முதல் வேலை அது.

அன்று வெள்ளி, எனக்குச் சைவம். கேட்காமலே றோசலின் அக்கா தனிச் சட்டி வைத்திருந்தார். "எங்களுக்கும் வெள்ளியிலை இறைச்சி இல்லை, ஒரு மாதிரித்தான்" என்றார். பரல் தண்ணீர் கலியாணத்துக்கு, வீட்டுக்குக் கிணற்றுத் தண்ணீர்தான். பருப்பு கல்லாகக் கிடந்தது. "உப்புத் தண்ணியிலை பருப்பு அவியாது தம்பி. மெல்லுங்கோ. அது உங்கடை சமையல்." அவர் முகத்தில் முதல் தடவையாக ஒரு சிரிப்பு வந்து போனது. நான் ஒரு பருப்பும் மிச்சம் விடாமல் தின்றேன்.

சனிக்கிழமை விடிய இன்னொன்று நடந்தது. பரல் தண்ணீர் சமையலுக்குச் சரி, குடிக்கக் காணுமோ என்று பார்த்துக்கொண்டு நின்றேன். கல்வேலிக்கு அப்பால் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். தலையில் குடம். ஏழு வீட்டாரும் செவ்வாயும் புதனும் எடுத்துச் சேமித்து வைத்திருந்த தண்ணீர், நான் இறைக்க முன்பிருந்த அதே கிணற்றின் தண்ணீர். வியாழக்கிழமை குடத்தை இறக்காமல் போனவரும் வந்தார். பந்தலுக்குப் பக்கத்தில் வரிசையாக இறக்கி வைத்துவிட்டுச் சேலை மாற்றப் போனார்கள்.

கலியாணம் நன்றாக நடந்தது. வள்ளத்தில் வந்திறங்கிய மாப்பிள்ளை வீட்டாரில் பாதிப் பேருக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. அவர்களுக்கு முதலில் கொடுத்தது அந்தக் குடத்துத் தண்ணீர். ஒரு பெரியவர் இரண்டு கிளாஸ் குடித்துவிட்டு, தீவுத் தண்ணீர் உப்பென்று சொன்னார்களே, இது இளநீர் மாதிரி இருக்கிறது என்றார். நான் தட்டத்தை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டேன்.

ஞாயிறு விடிய ஜெனி கிணற்றடிக்கு வந்தாள். அன்றைய முதல் வள்ளத்தில் அவளும் கணவரும் புறப்பட வேண்டும். நானும் அதே வள்ளம். அவள் தண்ணீரின் மேற்பரப்பில் மட்டும் வாளியைத் தொட்டு எடுத்து, பால் இல்லாத தேத்தண்ணீர் போட்டாள். வெறும் தேத்தண்ணீரிலும் உப்புக் கரித்தது. கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. குறைந்த மாதிரி இருக்க வேண்டும் என்று அக்காவும் ஜெனியும் நானும் நினைத்ததாலும் இருக்கலாம்.

மோட்டரைக் கழற்றிக்கொண்டு போகட்டுமா என்று றோசலின் அக்காவைக் கேட்டேன். அவர் மகளைப் பார்த்தார். மகள் தாயின் தோளைப் பார்த்தாள்.

"கிடக்கட்டும் அண்ணை. முடிச்சை மட்டும் நான் போடுறன்" என்றாள் ஜெனி.

தன் முழங்கையால் ஒன்பது முழம் அளந்து, கயிற்றில் முடிச்சுப் போட்டாள். பழைய முடிச்சைவிட இறுக்கமாக. அந்த முடிச்சு எங்கே முடிகிறதோ அங்கே குழாயின் வாயை வைத்து, கல்லில் துளைத்து ஆணி அடித்து அசையாமல் கட்டினேன். அதற்குக் கீழே தண்ணீர் இறங்கினால் மோட்டர் காற்றைத்தான் உறிஞ்சும். தொட்டிக்கும் ஒரு குழாய் பிரித்து விட்டேன், மோட்டரைப் போட்டால் முதல் தண்ணீர் அதற்குள்தான் விழும். நல்ல தண்ணீர் வரும்வரை அக்காவுக்கும் ஏழு வீட்டுக்கும் பரல் கொண்டு வருவதாகச் செபமாலை பொறுப்பெடுத்தார்.

வள்ளம் விலகியபோது கரையில் றோசலின் அக்கா இடது கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றார். முதலில் அவர் மறைந்தார், பிறகு கல், பிறகு மண். பனைகள் மட்டும் தண்ணீரில் நின்றன. ஜெனி அழவில்லை. என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்: "ஊறும் என்ன அண்ணை?" எனக்குத் தெரியவில்லை என்றேன். பொய் சொல்ல அந்தக் கடலில் வாய் வரவில்லை.

அதன் பிறகுதான் நீங்கள் கவனித்தீர்கள், அப்பா ஏன் வெங்காயத் தோட்டத்துக்கு மோட்டரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே நிற்கிறார், ஏன் அரை மணித்தியாலத்தில் நிறுத்துகிறார், ஏன் கிணற்றுத் தண்ணீரைக் கையில் ஏந்தி நக்கிப் பார்க்கிறார் என்று. நம் வீட்டிலிருந்தும் கடலேரி தூரமில்லை, நம் கிணற்றிலும் உப்பு ஏறலாம். அதற்கு முன் அதை நான் யோசித்ததே இல்லை. இரண்டு நாளுக்கு ஒருமுறை நெடுந்தீவுக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்பேன். இன்னும் திரைகிறது தம்பி என்பார் அக்கா. அம்மா எனக்குப் பாலில்லாத தேத்தண்ணீர் தரத் தொடங்கினார், ஏனென்றால் பால் விட்டால் நான் கோப்பைக்குள்ளேயே பார்த்துக்கொண்டு இருந்தேனாம்.

பன்னிரண்டாம் நாள் அக்காவே எடுத்தார். நாங்கள் நான்கு பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

"தம்பி, செபமாலைக்குத் தேத்தண்ணி போட்டுக் குடுத்தனான். பால் திரையேல்லை. ஜெனிக்கும் சொல்லிப்போட்டன். நாளைக்கு விடிய ஏழு வீட்டாரையும் வரச் சொல்லியிருக்கு." பிறகு, "இருங்கோ, போனை வையாதேங்கோ, இதைக் கேளுங்கோ" என்றார். நடந்து போகிற சத்தம், மோட்டர் போடுகிற சத்தம், அது நிற்கிற சத்தம்.

தொலைபேசியை உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தேன். காதை வைத்துக் கேட்டீர்கள். தளக், தளக், தளக் என்று நெடுநேரம் வந்தது. நடுவில் ஒரு பெருமூச்சு. துளசி, நீ அது கடலா என்று கேட்டாய். ஆதவன் யாரோ நீந்துகிறார்கள் என்றான்.

தொட்டியில் வாய் வைத்து மாடு தண்ணீர் குடிக்கிற சத்தம் அது. திரும்பி வந்த நல்ல தண்ணீரின் முதல் வாளி.